கடை கடையாக ஒரு சாக்லேட் யாத்திரை

ஊர் சுற்றிப் பார்ப்பதில் எத்தனையோ தினுசு உண்டு. கோபுரம் கோபுரமாக அண்ணாந்து பார்க்கிறவர்கள் ஒரு ரகம். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி கண்ணாடிப் பெட்டியாக நின்று அலுத்துப்போகிறவர்கள் இன்னொரு ரகம். பெல்ஜியத்தின் தலைநகரமான பிரஸ்ஸல்ஸில் மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. முன்பின் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றுசேர்ந்து, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி, வழிகாட்டி ஒருவரின் பின்னால் மூன்று மணி நேரம் நடந்து, கடை கடையாக ஏறி இறங்கி சாக்லேட் சாப்பிடுகிறார்கள்!

"மிட்டாய் தின்ன வழிகாட்டி வேறு வேண்டுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வேண்டும். காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்கப் போகிறோம். விஷயம் தெரிந்த அத்தை ஒருத்தி கூட வந்தால் எவ்வளவு சௌகரியம்? எந்த ஜரிகை எப்படி, எந்தக் கரை எந்த வேலை என்று அவள் சொல்லச் சொல்லத்தானே நமக்குக் கண் திறக்கிறது? அதைப் போலத்தான் இதுவும்.

2024 அக்டோபர் முதல் சனிக்கிழமையன்று, அலுவல் நிமித்தமாகப் பிரஸ்ஸல்ஸ் போயிருந்த நான் அப்படி ஒரு கோஷ்டியில் சேர்ந்துகொண்டேன். அங்கே அது இலையுதிர் காலம். மரங்களெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இருந்தன. சாலையோரத்தில் நனைந்த இலைகள் அப்பளம் போல் ஒட்டிக் கிடந்தன. மழை என்று சொல்ல முடியாத ஒரு தூறல், குடையைப் பிரிக்கவும் விடாமல் மடக்கவும் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் சாக்லேட்டுக்கு இதுதான் நல்ல காலம். கோகோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். வாயில் போட்டதும் கரைவது அந்தக் குணத்தினால்தான். கோடையில் கடைக்காரர்கள் தவிப்பதும் அந்தக் குணத்தினால்தான். வெயில் தணிந்து, கிறிஸ்துமஸ் கூட்டம் இன்னும் வந்து சேராத அக்டோபரில் நின்று நிதானமாகப் பேசலாம்.

கோஷ்டியில் ஓய்வு பெற்ற ஆங்கிலேயத் தம்பதி, ஸ்பெயினிலிருந்து வந்த இரண்டு இளம் பெண்கள், எதைச் சொன்னாலும் சிறு நோட்டில் குறித்துக்கொண்ட ஒரு ஹாலந்துக்காரர், இன்னும் சிலர். ஓரமாக, காட்டன் சேலைமேல் கம்பளிக் கோட்டும், காலில் மகளுடைய ஷூவுமாக ஓர் அம்மாள் நின்றார். பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பேத்தி.

"ஏங்கண்ணு, நம்ம பக்கமா?" என்றார் என்னைப் பார்த்ததும்.

அப்புறம் கேட்பானேன்! பொள்ளாச்சிக்கு அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். மகள் இங்கே உத்தியோகம் பார்க்கிறாள். அவளுக்கு அன்றைக்கும் ஏதோ வேலை; அம்மா வீட்டில் அடைந்து கிடக்க வேண்டாமே என்று பேத்தியோடு அனுப்பிவிட்டாள். பேத்திக்குப் பிரெஞ்சும் வரும், இங்கிலீஷும் வரும். தமிழ் கொஞ்சம் தடுக்கித் தடுக்கி வரும்.

"சாமி, இதுக்குள்ள சாராயம், முட்டை ஏதாச்சும் இருக்குதான்னு அந்தம்மாகிட்டக் கேட்டுச் சொல்லு. இன்னிக்குப் புரட்டாசிச் சனிக்கிழமையாக்கும்" என்றார் பாட்டி.

"அம்மிச்சி, சிலதுல இருக்குமாம். அவங்களே பார்த்துத் தருவாங்களாம்."

வழிகாட்டியம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒவ்வொரு கடையிலும் தட்டு வந்தவுடன், "இது மது, இது வேண்டாம், இது பாதாம், இதை எடுங்கள்" என்று பாட்டிக்கென்று தனியாகப் பொறுக்கிக் கொடுத்தார். அந்த நகரத்திலே புரட்டாசி விரதம் காத்த பெருமை அவரைச் சேர வேண்டும்.

கிராண்ட் பிளாஸ் என்கிற பெரிய சதுக்கத்தில் புறப்பட்டோம். நகர மண்டபத்தின் கோபுரம் 96 மீட்டர். சுற்றிலும் பழைய தொழிற்சங்கங்களின் மாளிகைகள். 1695-ல் பிரெஞ்சுப் பீரங்கிகள் பொசுக்கித் தள்ளிய பிறகு எழுப்பியவை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை ஒட்டிய சந்துகளில் ஒன்றுக்குப் பாதி சாக்லேட் கடைகள். ஜன்னலில் சாக்லேட் அருவி ஊற்றிக்கொண்டிருக்கும், அந்த ஊரில் பேர்போன, சிறுநீர் கழிக்கும் பையன் சிலை சாக்லேட்டில் வரிசையாக நிற்கும். வழிகாட்டியம்மாள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்கும் அவர் கட்சிதான்.

நேரே எங்களை சேன்ட் ஹ்யூபர்ட் காலரிக்கு அழைத்துப் போனார். 1847-ல் திறந்த கடைத்தெரு அது. தெரு முழுவதற்கும் கண்ணாடிக் கூரை. மழைக்கு ஒதுங்கினாற்போலவும் ஆயிற்று, கடை பார்த்தாற்போலவும் ஆயிற்று. இங்கே 1857-ல் ழான் நொய்ஹவுஸ் என்பவர் வந்து மருந்துக்கடை வைத்தார். ஆம், மருந்துக்கடை! கசப்பு மருந்தை ஜனங்கள் முகம் சுளிக்காமல் விழுங்க வேண்டுமே என்று அதன்மேல் சாக்லேட் பூசிக் கொடுத்தாராம். நம் வீட்டில் குழந்தைக்குச் சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதில்லையா? அந்த யுக்திதான். அவருடைய பேரர், அவர் பெயரும் ழான்தான், 1912-ல் மருந்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தித்திப்பான பூரணத்தை வைத்தார். அதற்குப் பிரலீன் என்று பெயர். பெல்ஜியத்தின் புகழ் அதில்தான் பிறந்தது.

பிரலீன் என்றால் என்ன என்று வழிகாட்டியம்மாள் வெகு நேரம் விளக்கினார். நமக்கு அவ்வளவு தேவையில்லை, சகோதரிகளே. கொழுக்கட்டை செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரே வாக்கியத்தில் விளங்கிவிடும். மேலே சாக்லேட் ஓடு, உள்ளே பூரணம். செய்முறையும் இரண்டுதான். அச்சில் உருக்கிய சாக்லேட்டை வார்த்து, கவிழ்த்து, ஓட்டில் ஒட்டியது போக மீதியை வடித்து, பூரணம் வைத்து, மேலே மூடுவது ஒன்று. இது அச்சுக் கொழுக்கட்டை. பூரணத்தை முதலில் துண்டு போட்டு, உருக்கிய சாக்லேட்டை மேலே போர்த்துவது மற்றொன்று. இது நம் சுகியன். பூரணம் பாதாமும் சர்க்கரையும் அரைத்த விழுதாக இருக்கலாம், பாலேடாக இருக்கலாம், காப்பி வாசனையாகவும் இருக்கலாம். பாலேடு சேர்ந்தது சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் சில வாரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

ஆனால் கை நிதானம் எங்கே வேண்டியிருக்கிறது என்றால், பதத்தில். பாகு காய்ச்சுகிறவர்கள் கம்பிப் பதம் தப்பினால் என்ன ஆகும் என்று அறிவீர்கள். கறுப்பு சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 28 டிகிரிக்கு ஆற்றி, மறுபடியும் 31, 32-க்கு ஏற்றி நிறுத்தினால்தான் கோகோ வெண்ணெய் ஒழுங்காக உறையும், பளபளக்கும், உடைத்தால் 'டக்' என்று சத்தம் கேட்கும். பதம் தப்பினால் மங்கிப்போய் மேலே சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கும். வீட்டில் பழைய சாக்லேட்டின்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்துப் பூஞ்சைக்காளான் என்று குப்பையில் போட்டிருப்பீர்களே, அது பெரும்பாலும் மேலே வந்து உறைந்த கொழுப்புத்தான். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. குளிர்ப்பெட்டியில் திறந்தபடி வைத்து ஈரம் பட்டாலும் சர்க்கரை இப்படிப் பூத்துவிடும்.

நொய்ஹவுஸ் குடும்பத்துக் கதையில் இன்னொருவர் உண்டு. பேரர் ழானின் மனைவி லூயிஸ் அகொஸ்தினி. கணவர் பூரணம் வைத்து அழகாகச் செய்கிறார். கடையில் அதைக் கூம்பாகச் சுருட்டிய காகிதத்தில் போட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டுக்குப் போவதற்குள் அடியில் இருப்பது நசுங்கிவிடுகிறது! நம் ஊரில் பொட்டலத்தில் ஜிலேபி வாங்கி வந்து அவஸ்தைப்படவில்லையா? 1915-ல் அந்த அம்மாள் ஓர் அட்டைப்பெட்டியை யோசித்துச் செய்தார். அடி சிறுத்து, மேலே அகன்று, வரிசை வரிசையாக அடுக்கினால் ஒன்றை ஒன்று நசுக்காத பெட்டி. பலோத்தேன் என்று அதற்குப் பெயர். இன்று பெல்ஜியத்தில் பல கடைகளில் சாக்லேட் வாங்கினால் இந்தப் பெட்டியில்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். பிரலீன் செய்த கணவர் பெயரைச் சொல்லுகிற புஸ்தகங்கள் பெட்டிக்கு வரும்போது அவசரப்படுகின்றன. எனக்கென்னவோ, பெட்டி இல்லாவிட்டால் அந்தப் பிரலீன் காலரியைத் தாண்டி வெகு தூரம் போயிருக்காது என்று படுகிறது.

பெண்கள் சமாசாரம் சொல்ல ஆரம்பித்ததனால் மேரி டெலுக்கையும் சொல்லிவிடுகிறேன். 1919-ல், முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு, பிரஸ்ஸல்ஸில் சொந்தமாகச் சாக்லேட் கடை வைத்தவர். அரண்மனைக்குச் சப்ளை செய்யும் அந்தஸ்து பிற்பாடு அந்தக் கடைக்குக் கிடைத்தது. அவர் பெயரால் மேரி என்றே இன்றும் நடக்கிறது. லியோனிடாஸ் கெஸ்டெகிடிஸ் என்கிற கிரேக்கரின் கதை வேறு மாதிரி. 1910-ல் உலகக் கண்காட்சிக்கு என்று பிரஸ்ஸல்ஸ் வந்தார், பரிசு வாங்கினார், இந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். பிரபுக்கள் மட்டும் சாப்பிட்டதை நடுத்தரக் குடும்பங்களும் வாங்கும் விலைக்கு விற்றது அவர் கடை. தெருவைப் பார்த்த ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொண்டு போகலாம்.

இப்படிப் பேசிக்கொண்டே மேட்டில் ஏறி, சாப்லோன் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். சனி, ஞாயிறுகளில் இங்கே பழம்பொருள் சந்தை கூடும். 1910 முதல் இருக்கிற விட்டமேர், நம் காலத்து மார்கொலினி என்று பெரிய பெரிய கடைகள் இங்கேதான். ஒரு விஷயம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். பெல்ஜியத்துச் சாக்லேட்காரர்களில் அநேகர் கோகோ விதையைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பெரிய ஆலைகள் அரைத்துக் கொடுக்கிற சாக்லேட்டை மொத்தமாக வாங்கி, உருக்கி, தங்கள் கைத்திறமையைக் காட்டுகிறார்கள். மார்கொலினி போன்ற சிலர்தான் விதையிலிருந்தே தொடங்குகிறார்கள்.

நாங்கள் நுழைந்த கடை ஒன்றில், அலங்காரத்துக்காக ஒரு கிண்ணம் நிறையக் காய்ந்த கோகோ விதைகளை வைத்திருந்தார்கள். ஆங்கிலேய அம்மாள் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "பாதாம் பருப்பா?" என்று கேட்டார். நோட்டுப் புஸ்தக ஆசாமியும் எட்டிப் பார்த்தார்.

பாட்டி கிண்ணத்தில் கையை விட்டு நாலைந்து விதைகளை அள்ளினார். ஒன்றை விரலால் நசுக்கித் தோலைத் தள்ளினார். மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் கடித்தார்.

"நல்லாக் காய்ஞ்சிருக்குது. ஆனா புளிப்பு ஏறப் போட்டது பத்தலை கண்ணு. ஒரு நாள் முந்தியே எடுத்துட்டானுக" என்றார்.

பேத்தி மொழிபெயர்த்தாள். வழிகாட்டியம்மாள் ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "உங்கள் பாட்டிக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

எப்படித் தெரியாமல் போகும்? பொள்ளாச்சித் தோப்புகளில் தென்னைக்கு நடுவே ஊடுபயிராகக் கோகோ நிற்கிறது. நம் நாட்டில் 1965-ல் கேரளத்தில் கம்பெனி ஒன்று ஆரம்பித்து வைத்த பயிர் அது. பிற்பாடு தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் பரவிற்று. கோகோவுக்கு நிழல் வேண்டும். தென்னை நிழல் கொடுக்கிறது.

கடையிலிருந்து எதிரே இருந்த சிறு பூங்காவுக்குப் போனோம். தூறலும் நின்றிருந்தது. அந்தப் பூங்காவைச் சுற்றிலும் கம்பி வேலித் தூண்களின்மேல் 48 வெண்கலச் சிலைகள். ஒவ்வொன்றும் பழைய பிரஸ்ஸல்ஸின் ஒரு தொழிலைக் குறிக்கிறது. அந்தத் தொழிலாளர்களின் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டி சொல்ல, பேத்தி பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் சொல்ல, பாதியை நான் எடுத்துக் கொடுக்க, கோஷ்டி முழுவதும் சுற்றி நின்று கேட்டது. கட்டணம் வாங்கிய வழிகாட்டியம்மாளும் கேட்டார்.

"காய் கிளை நுனியில தொங்காது. பலாக்காயாட்டம் மரத்து மேலேயே ஒட்டிக்கிட்டிருக்கும். அணிலுக்கும் எலிக்கும் தப்பிச்சதுதான் நமக்கு. உடைச்சா, உள்ளே முப்பது நாப்பது கொட்டை, சீத்தாப்பழமாட்டம் வெள்ளைச் சதையோட இருக்கும். அந்தச் சதை இனிப்பும் புளிப்புமா அவ்வளவு ருசி! எங்க தோப்புப் பிள்ளைங்க அதைச் சப்பிட்டுத் துப்பும்."

"சாக்லேட் மாதிரி இருக்குமா?" என்று ஸ்பெயின் பெண் ஒருத்தி கேட்டாள்.

"துளிகூட இருக்காது. கொட்டையைக் கடிச்சா ஒரே கசப்பு. பொட்டியில கொட்டி, வாழையிலை போட்டு மூடி, அஞ்சாறு நாள் புளிக்க வைக்கோணும். கை வைக்க முடியாத சூடு வரும். நடுவுல புரட்டி விடோணும். அப்புறம் ஒரு வாரம் வெயில். அதுக்கப்புறந்தான் வாசனையே."

அது நிஜம். புளிக்கும்போது விதையின் சூடு 45, 50 டிகிரி வரை ஏறும். விதை முளைக்கும் சக்தியை இழக்கும். அப்போது உள்ளே நடக்கிற மாறுதலில்தான் சாக்லேட் வாசனைக்கு வித்து விழுகிறது. வறுக்கும்போது அது முழுசாக வெளிப்படுகிறது. கிலோ காய்ந்த விதைக்கு ஏறக்குறைய 25 காய் உடைக்க வேண்டும்.

"விலை?" என்று கேட்டார் நோட்டுப் புஸ்தகக்காரர். ஹாலந்துக்காரர் அல்லவா!

பாட்டி சிரித்தார். "அதைக் கேக்காதீங்க. ரொம்ப வருஷம் அடிமாட்டு விலைதான். பறிப்புக் கூலிக்கும் உடைக்கிற கூலிக்குமே சரியாப் போகும். ரெண்டு வருஷத்துக்கு முந்தி என்ற பையன், இது ஆகாதும்மான்னு பாதி மரத்தை வெட்டிப் போட்டான். இந்தச் சித்திரையில பார்த்தா, தங்கமாட்டம் ஏறிக் கிடக்குது! மரம் எங்கே?"

அந்த வருஷத்து விலை உலகத்தையே ஆட்டிவைத்தது. உலகத்துக் கோகோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா என்கிற இரண்டே தேசங்களிலிருந்து வருகிறது. அங்கே மழை ஒரு சமயம் மிதமிஞ்சிக் கொட்டி, இன்னொரு சமயம் பொய்த்துப்போனது, காயழுகலும், மரத்தை வீங்க வைக்கும் ஒரு வைரஸ் நோயும் சேர்ந்துகொண்டன, மரங்களும் கிழடுதட்டியவை. பல காலம் டன் 2,000, 3,000 டாலராக இருந்த விலை நியூயார்க் சந்தையில் 2024 ஏப்ரலில் 11,000 டாலரையும், டிசம்பரில் 12,000 டாலரையும் தாண்டியது. 2025 முடிவதற்குள் ஏறக்குறைய பாதிக்கு இறங்கியும் விட்டது. பாட்டியின் மகன் மறுபடி கன்று நட்டிருந்தால், அது காய்க்க மூன்று நாலு வருஷமாகும். அப்போது விலை எங்கே நிற்குமோ!

இதைவிட மனசை உறுத்துகிற கணக்கு ஒன்றும் உண்டு. ஐவரி கோஸ்ட், கானா கோகோத் தோட்டங்களில் ஏறத்தாழ 15 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகள் வேலை செய்வதாக சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சி ஸ்தாபனம் 2020-ல் கணக்குச் சொன்னது. காயை உடைக்கும் கத்தியைப் பிடிக்கிற பிஞ்சுக் கைகள் அவை. பூங்காவில் இதை வழிகாட்டியம்மாளே சொன்னார். விற்கிற ஊரில் நின்றுகொண்டு ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பேத்தி மட்டும் இதை மொழிபெயர்க்கச் சற்றுத் தயங்கினாள். அப்புறம் மெல்லிய குரலில் சொன்னாள். பாட்டி அவள் தலையைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தார்.

கிளம்பும்போது அந்த வெண்கலச் சிலைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இத்தனை தொழிலும் செஞ்சு வச்சிருக்கானே, சாக்லேட்காரன் எங்கே?"

கிடையாது. சிலைகள் குறிக்கிற சங்கங்களெல்லாம் ஏற்பட்ட காலத்தில் கோகோ இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

கடைசியாக வாங்குகிற கட்டம். நல்ல கடைகளில் கால் கிலோ பலோத்தேன் பெட்டி 20 யூரோவுக்கு மேல். அன்றைய கணக்கில் 1,800 ரூபாயைத் தாண்டியது. பாட்டி கணக்குப் போட்டார். வாய்க்குள்ளேயே இரண்டு தடவை போட்டார். வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்வார் என்று நான் நினைத்திருக்க, "ரெண்டு பொட்டி போடச் சொல்லு சாமி. சாராயம் இல்லாதது" என்றார்.

"அம்மிச்சி, அம்மாவுக்கு ஒண்ணு போதும். நாங்க இங்கேயே வாங்கிக்குவோமே?"

"உங்கம்மாவுக்கு ஆருடி வாங்கறது? எங்க தோப்புல காய் உடைக்கிற பொம்பளைங்க ஒன்பது பேரு இருக்காங்க. இருவது வருஷமா உடைக்கறாங்க. அது என்னவா ஆகுதுன்னு ஒருத்தியும் வாயில வச்சுப் பார்த்ததில்லை."

கடைக்காரப் பெண்ணுக்குப் பேத்தி இதைச் சொன்னாள். அவள் இரண்டு பெட்டிகளையும் அடுக்கினாள். பாலேடு சேர்ந்ததையெல்லாம் ஒதுக்கி, பாதாம் விழுது வைத்ததாகப் பார்த்து வைத்தாள். அதுதான் தூரப் பிரயாணம் தாங்குமாம். பெட்டியை மடித்து நாடா கட்டிக்கொண்டே, உங்கள் ஊரில் இப்போது எவ்வளவு வெயில் என்று விசாரித்தாள். 32, 33 டிகிரி இருக்கும் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

பாட்டி கவலைப்படவில்லை. விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது, கோயமுத்தூரில் இறங்கியதும் ஈரத்துணி சுற்றிய எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடுவது, விடியற்காலம் வேலைக்கு வருகிற நேரத்திலேயே, வெயில் ஏறுவதற்கு முன்னால், ஆளுக்கு இரண்டாகக் கையில் கொடுத்துவிடுவது என்று டிராம் நிறுத்தம் வரும்வரை திட்டம் போட்டுக்கொண்டே வந்தார்.